மாற்றார் நாவும் நமது உரிமையும்

வியாசர்பாடியின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பவர், தம்மையறியாமலே இந்நாட்டுப் பேச்சுரிமையின் வரலாற்றையும் படித்தவராகிறார். சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் மின்தொடர் வண்டி பேசின் பாலத்தை விட்டு நகர்ந்ததும் வருகின்ற நிலையத்திற்கு 'வியாசர்பாடி ஜீவா' என்று பெயர். அங்கிருந்து சிறிது தொலைவு சென்றால் மகாகவி பாரதியார் நகர். பேருந்துப் பலகையில் 'எம்.கே.பி. நகர்' என்று சுருங்கிப்போனது அதுதான். அதற்கும் அப்பால் சத்தியமூர்த்தி நகர்.

ஜீவா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ப. ஜீவானந்தம். 1952இல் அண்டையிலுள்ள வண்ணாரப்பேட்டைத் தொகுதி மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்தவர். வெள்ளையர் ஆட்சியில் பன்முறை சிறை கண்டவர். விடுதலைக்குப் பின்னரும், தம் கட்சிக்குத் தடை வந்தபோது தலைமறைவாய்த் திரிந்தவர். பாரதியாரோ, 1908இல் 'இந்தியா' ஏட்டின்மீது அரசின் கை பாய்ந்தபோது புதுச்சேரிக்குச் சென்று பத்தாண்டுகளைக் கழித்தவர். அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பிறகு, 1928இல், அவருடைய பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. அப்போது சட்டமன்றத்தில் எழுந்து நின்று அதனைக் கண்டித்து வாதாடியவர் சத்தியமூர்த்தி. பேசியதற்காகத் துன்புற்ற இருவர், பிறர் சொல்லைக் காக்கப் பேசிய ஒருவர் என மூவர் பெயரையும் நம் பகுதி தாங்கி நிற்கிறது.

இம்மூவரில் எவரும் நம் சமயத்தவரல்லர். ஜீவானந்தம் கடவுள் மறுப்பாளர். மற்ற இருவர்க்கும் நமக்கும் கொள்கை வேற்றுமை உண்டு. ஆயினும் அவர்கள் பட்ட பாட்டின் பயனை நாம் அனுபவிக்கிறோம். அப்படியானால், நாமும் நம்மோடு மாறுபடுவோர்க்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இந்தக் கேள்வியைத்தான் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். இது சட்டம் படித்தவர்க்கு மட்டுமே உரிய கேள்வியன்று. பள்ளிவாசல் முற்றத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நாள்தோறும் எழுகின்ற கேள்வி.

வடசென்னைக்கு மேடைப் பேச்சு பொழுதுபோக்காக வந்ததன்று. அது பாட்டாளிகளின் பள்ளிக்கூடமாக வந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரு ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் தோன்றியது. முறையாக அமைக்கப்பட்ட தொழிற்சங்கங்களுள் இந்தியாவிலேயே முதலாவது என்று அதனைக் கூறுவர். அதன் தலைவர் பி. பி. வாடியா, அவரோடு திரு. வி. க. போன்றோர் உழைத்தனர். 1920இல் ஆலையில் கதவடைப்பு நேர்ந்தபோது முதலாளிகள் உயர்நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி வாடியா முதலியோர் தூண்டுகின்றனர் என்பது வழக்கு. நீதிமன்றம் அவர்கள்மீது தடையாணை பிறப்பித்தது. கூலிக்காரனிடம் கூலியைப் பற்றிப் பேசுவது குற்றமாயிற்று!

அந்தத் தடையாணையின் அதிர்ச்சி இந்தியா முழுவதும் பரவியது. தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை மத்திய சட்டமன்றத்தில் எழுந்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இன்று துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் வாயிற் கூட்டம் நடத்துகின்ற எந்தத் தொழிலாளியும், அவன் எக்கொடியைப் பிடித்தாலும், பெரம்பூரில் விழுந்த அந்த அடியின் பயனைத்தான் நுகர்கிறான். ஒருவனுடைய வாயை மூடியதால் எழுந்த கேள்வி, எல்லோருடைய வாயையும் திறந்துவிட்டது. உரிமைகளின் கதை பெரும்பாலும் இப்படியே நடந்திருக்கிறது.

இனி, நம்மவர் பங்கிற்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தை வகுத்த அவையிலே சென்னை மாகாணத்து முஸ்லிம் உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், நம் இளைஞர்களில் பலர் தனியார் சட்டத்துக்காகவும் தனித் தொகுதிக்காகவும் வாதாடினார்கள் என்று மட்டுமே சொல்வர். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. காயிதெ மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப், போக்கர் சாகிப் ஆகியோரோடு அந்த அவையில் அமர்ந்திருந்தவர் மஹ்பூப் அலீ பேக் சாகிப். 1948 டிசம்பர் மாதத் தொடக்கத்தில், இன்று 19ஆம் பிரிவாக விளங்கும் பேச்சுரிமைப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. ஒரு கையால் உரிமையைக் கொடுத்து, மறு கையால் அரசு அதனைச் சட்டமியற்றிப் பறித்துக்கொள்ள இடமளிக்கும் துணைப்பிரிவுகளை அடியோடு நீக்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் அவர்.

அவர் எல்லையற்ற பேச்சைக் கேட்கவில்லை. நாட்டின் பாதுகாப்பைக் குலைப்பதும், சமூகங்களுக்கிடையே பகையை மூட்டுவதும், அமைதியைக் கெடுப்பதும் இவ்வுரிமையில் அடங்கா என்ற ஒரே வரம்பை அவரே எழுதிக் கொடுத்தார். அதற்கு மேற்பட்ட வரம்புகளை ஆளுங்கட்சியின் விருப்பத்துக்கு விடலாகாது என்பதே அவர் வாதம். 'சட்டத்துக்கு உட்பட்டது' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு ஜெர்மனியில் ஹிட்லர் மக்களை எங்கே கொண்டுபோய் அடைத்தான் என்பதையும் அவர் அவைக்கு நினைவூட்டினார். நாடு பிரிந்து, நம் சமுதாயம் சந்தேகக் கண்ணுக்கு இலக்காகி நின்ற காலம் அது. அந்நாளில் நம்மவர் ஒருவர் எழுந்து, தம் சமுதாயத்துக்கு மட்டுமன்றி எல்லாக் குடிமக்களுக்குமாகப் பேசினார் என்பதை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாமா? அவருடைய திருத்தம் தோற்றது. ஆனால் அவர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதை அடுத்த சில ஆண்டுகளே காட்டிவிட்டன.

அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வாரங்கூட நிறைவுறவில்லை. மார்ச் 1ஆம் நாள், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார ஏடு சென்னை மாநிலத்துக்குள் நுழையக்கூடாதென இங்குள்ள அரசு ஆணையிட்டது. ஏட்டின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் இடதுசாரி. அவர் உச்சநீதிமன்றம் சென்றார். மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பரவுவதற்கு உரிமையில்லாத ஏட்டுக்குப் பேசும் உரிமை இருந்தும் பயனில்லை என்றும், அரசையே கவிழ்க்கக்கூடிய ஆபத்து இருந்தாலன்றிப் பொது ஒழுங்கு என்ற பெயரால் பேச்சைத் தடுக்க அரசமைப்பு அன்று இடந்தரவில்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அத்தீர்ப்பை எழுதியவர் நம் சென்னையைச் சேர்ந்த எம். பதஞ்சலி சாஸ்திரி.

அதே மார்ச் மாதத்தில் சென்னை அரசு மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பையும் சட்டவிரோதமென அறிவித்தது. வழக்கறிஞர் வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். உயர்நீதிமன்றம் அரசின் செயலைச் செல்லாதென்றது; உச்சநீதிமன்றமும் 1952 மார்ச் 31இல் அதனை உறுதி செய்தது. அடிப்படை உரிமைகளுக்கு நீதிமன்றம் விழித்திருக்கும் காவலன் என்ற கருத்தைச் சட்ட மாணவர் இன்றும் படிப்பது இந்தத் தீர்ப்பிலிருந்துதான்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'சென்னை மாநில அரசு' என்பது இவ்வழக்குகளில் எதிராளியின் பெயர். வழக்காடியவர்களோ பொதுவுடைமை நாட்டமுடையவர்கள். மதத்தைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் அவர்கள் சொன்னவற்றில் பல, நம் பள்ளிவாசல்களில் எவருக்கும் ஏற்புடையனவல்ல. ஆயினும் அவர்கள் பெற்ற தீர்ப்பின் நிழலில்தான் பின்னர் நம் இதழ்களும் நம் கழகங்களும் நம் ஊர்வலங்களும் ஒதுங்கின. மஹ்பூப் அலீ பேக் சாகிப் கேட்ட உரிமையை முதலில் நீதிமன்றத்தில் வென்றெடுத்தவர்கள் அவருடைய கொள்கைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள்!

அரசும் வாளாவிருக்கவில்லை. 1951 ஜூனில் முதலாவது திருத்தம் நிறைவேறிற்று. பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்ற புதிய வேலிகள் 19ஆம் பிரிவில் நடப்பட்டன. தடைகள் நியாயமானவையாக இருக்கவேண்டும் என்ற ஒரு சொல்லும் அப்போது சேர்ந்தது. இன்றளவும் நீதிமன்றத்தில் நமக்குக் கைகொடுப்பது அச்சொல்தான். பின்னர் 1963இல் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற மற்றொரு வேலி எழுந்தது. திராவிட நாடு கேட்ட இயக்கத்தை முன்னிட்டு வந்தது அது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் பொதுக்கூட்டம் போட்டுப் பிறந்த இயக்கம், பதினான்கே ஆண்டுகளில் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தவைத்துவிட்டது. வடசென்னையின் ஒரு பூங்காவில் பேசிய பேச்சுக்கு இருந்த வலிமையைப் பாருங்கள்! அதே இயக்கம் 1967இல் வாக்குச்சீட்டின் வழியே கோட்டைக்குச் சென்று அமர்ந்தது. பேச இடமிருந்ததால் வாக்கை நாடினார்கள். இடமில்லாதிருந்தால் எதை நாடியிருப்பார்களோ?

நெருக்கடி நிலையின்போது (1975–77) இந்தப் பாடத்தை நாடே சிறைக்குள் கற்றது. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் தடை செய்யப்பட்டது, ஆர்.எஸ்.எஸ்ஸும் தடை செய்யப்பட்டது. வெளியில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள் ஒரே சிறையின் கஞ்சியைக் குடித்தார்கள். வாய்ப்பூட்டுக்கு மதமில்லை, பூட்டு ஒன்றுதான், அதன் துளைக்குள் எந்தச் சாவியும் நுழையும்.

இவையெல்லாம் ஏட்டில் படிப்பதற்கு எளியன. நம் தெருவுக்கு வரும்போதுதான் கடினமாகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்தபின், இளைஞர் நால்வர் ஒரு மனுவோடு நம்மிடம் வந்தனர். நம் பகுதியில் ஒரு கூட்டம் நடக்கவிருக்கிறது; பேச வருகிறவர் நம் சமுதாயத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசுபவர்; ஆகவே கூட்டத்துக்கு அனுமதி தரலாகாது என்று காவல்துறைக்கு எழுதப்பட்ட மனு அது. ஐம்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துகள் அதில் இருந்தன.

"சாச்சா, நீங்க போட்டா மத்த பெரியவங்களும் போட்டுடுவாங்க" என்றான் அவர்களுள் ஒருவன். அவன் கண்களில் இருந்தது வெறியன்று, வேதனை. பள்ளிக்கூடத்திலும் வாடகை வீடு தேடும் இடத்திலும் பெயரைச் சொன்னவுடன் முகம் மாறுவதைக் கண்டு வளர்ந்தவன் அவன். அந்த வேதனையைச் சிறிதென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பேனாவைத் திறக்கவும் மனம் வரவில்லை. பள்ளியின் ஓரத்தில் அமர்ந்திருந்த அஜ்ரத்திடம் சென்று கலந்துகொள்வோம் என்றோம்.

அஜ்ரத் மனுவை இருமுறை படித்தார். பிறகு சுஹைல் இப்னு அம்ரின் வரலாற்றைச் சொல்லலானார். குறைஷியரின் நாவன்மை மிக்க பேச்சாளர் சுஹைல். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எதிராக மக்காவில் மேடைதோறும் பேசியவர். பத்ருப் போரில் அவர் கைதியாகச் சிக்கினார். இவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட்டால் இனி எங்கும் நமக்கெதிராகப் பேச நா எழாது, அனுமதி தாருங்கள் என்று வேண்டினார்கள் உமர் (ரலி) அவர்கள். பெருமானார் மறுத்துவிட்டார்கள். ஒருவரை உறுப்புச் சிதைப்பது தமக்கு ஆகாது என்றதோடு, நீர் குறைகூற இயலாத ஒரு நிலையில் இவர் ஒருநாள் நிற்கக்கூடும் என்றும் கூறினார்கள்.

நான்காண்டுகள் கழித்து ஹுதைபிய்யாவில் அதே சுஹைல் குறைஷியரின் தூதராக வந்து அமர்ந்தார். உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லையே ஏற்கமாட்டேன் என்றார். அச்சொல்லை அழிக்க அலீ (ரலி) அவர்களின் கை மறுத்தது; பெருமானார் தாமே அதனை அழிக்கச் செய்து, 'அப்துல்லாஹ்வின் மகன்' என்று எழுதச் சொன்னார்கள். பின்னர் சுஹைல் இஸ்லாத்தைத் தழுவினார். பெருமானார் மறைந்த செய்தி கேட்டு மக்கா மக்கள் தடுமாறியபோது, எழுந்து பேசி அவர்களை மார்க்கத்தில் நிலைநிறுத்தியது அந்தச் சுஹைலின் நாதான். பற்கள் பிடுங்கப்பட்டிருந்தால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்?

இளைஞன் விடவில்லை. "அப்படின்னா அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு இருக்கணுமா அஜ்ரத்? ஊரைக் கொளுத்தச் சொன்னா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அஜ்ரத் அதற்கும் வரலாற்றிலிருந்தே விடை தந்தார். அலீ (ரலி) அவர்கள் கலீஃபாவாயிருந்தபோது, கவாரிஜ்கள் கூஃபாப் பள்ளிவாசலிலேயே எழுந்து அவர்களுக்கு எதிராக முழங்கினர். பள்ளிவாசலுக்கு வருவதை உங்களுக்குத் தடுக்கமாட்டோம், உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம், நீங்கள் தொடங்காதவரை உங்களோடு போர் தொடங்கமாட்டோம் என்று அலீ (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அவர்கள் உயிர்களைக் கொல்லத் தொடங்கியபின்னரே வாள் உறையிலிருந்து வெளிவந்தது. சொல்லுக்கு ஓர் எல்லை, செயலுக்கு ஓர் எல்லை என்று வகுத்த அந்த ஆட்சி, ஹிஜ்ரி நாற்பதுக்கும் முற்பட்டது.

மாலைக்குள் மனு மாறியது. கூட்டத்தைத் தடுக்கவேண்டும் என்ற வரி போயிற்று. வன்முறைக்குத் தூண்டும் பேச்சு எழுந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது முதல் வேண்டுகோளாயிற்று. அடுத்த வாரம் அதே இடத்தில் விளக்கக் கூட்டம் நடத்த நமக்கு அனுமதி வேண்டும் என்பது இரண்டாவது. 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டப்படி, பொதுக்கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு நாள் இருந்தது.

கூட்டம் நடந்தது. நம்மவர் இருவர் பின்வரிசையில் நின்று குறிப்பெடுத்தனர். நம் வரலாற்றைத் திரித்தும் நம் வாழ்க்கையை ஏளனம் செய்தும் அவர் பேசினார். கேட்க நெஞ்சு புண்பட்டது. ஆனால் அடிக்கவோ கொளுத்தவோ அவர் தூண்டவில்லை. அடுத்த வாரக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டபோது, பதற்றம் உண்டாகுமே என்று அதிகாரிகள் முதலில் தயங்கினர். அவர்களுக்கு அளித்த அனுமதியையே நாம் சான்றாகக் காட்டினோம். அதற்கு மறுமொழி இல்லை, அனுமதி வந்தது. முதல் மனு வெற்றி பெற்றிருந்தால், பதற்றம் என்ற அதே காரணத்தால் நம் மேடையும் மூடப்பட்டிருக்கும். அவருடைய மேடையே நம் மேடைக்கு அடிக்கல்லாயிற்று.

நம் கூட்டத்துக்கு, முந்திய வாரம் அவர் பேச்சைக் கேட்ட கடைக்காரர்கள் சிலரும் வந்திருந்தனர். ஒருவர் எழுந்து கேள்வியும் கேட்டார். விடை சொன்னபின் அவர் முழுதும் ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியாது. ஆனால் மறுநாள் கடையில் நம்மைக் கண்டு, "நேத்து சொன்னதுல ஒரு சந்தேகம் பாய்" என்று தொடங்கினார். தடையாணை பெற்றிருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்குமா?

இதனை எழுதும்போது 2013ஆம் ஆண்டின் நினைவு எழாமலிருக்க முடியாது. 'விஸ்வரூபம்' திரைப்படம் நம் சமுதாயத்தைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று நம் அமைப்புகள் குரலெழுப்பின; ஜனவரியில் தமிழக அரசு இரு வாரத் தடை விதித்தது. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையை நிறுத்திவைத்தது. முடிவில் சில இடங்களை மாற்ற உடன்பாடு ஏற்பட்டு, பிப்ரவரி 7இல் படம் இங்கே வெளிவந்தது. நம் மனக்குறை உண்மையானது. தாடியையும் தொழுகையையும் கண்டவுடன் வெடிகுண்டை நினைக்குமாறு மக்களைப் பழக்குவது கொடுமை. அதனைக் கண்டித்துக் குரலெழுப்பியதும் பேச்சுரிமையே. ஆனால் தடையைப் பெற்றதனால் நாம் அடைந்தது என்ன? படத்தின் குறை என்ன என்ற விவாதம் மறைந்தது; நம் சகிப்பின்மை என்ற விவாதம் மேலெழுந்தது. வழக்கில் வாதியாயிருந்த நம்மை அந்தத் தடை பிரதிவாதியாக்கிவிட்டது.

இத்தகைய தடைகளின் சட்ட வேரையும் அறிந்துகொள்வது நல்லது. லாகூரில் பெருமானார் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி ஒரு சிறுநூல் வந்தது. 1927இல் அதன் பதிப்பாளரை உயர்நீதிமன்றம் விடுவித்தபோது முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அந்த விவாதத்தில் பேசிய முகம்மது அலி ஜின்னா, நேர்மையான வரலாற்று ஆய்வும் சமய விமர்சனமும் இப்பிரிவில் சிக்கிவிடலாகாது என்று எச்சரித்தார். நம் உணர்வைக் காக்கப் பிறந்த அதே பிரிவின்கீழ், 2021 ஜனவரி முதல் நாள் இந்தூரில், முனவ்வர் ஃபாரூக்கி என்ற இளம் நகைச்சுவையாளர் கைது செய்யப்பட்டு, உச்சநீதிமன்றம் தலையிட்ட பின்னரே ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வெளிவந்தார். 2024 ஜூலை முதல் அப்பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக வாழ்கிறது. எண் மாறிற்று, கூர்மை மாறவில்லை. எண்ணிக்கையில் சிறிய சமுதாயம் கேட்டு வாங்கும் வாள், எண்ணிக்கையில் பெரியவர் கைக்கு எளிதில் போய்ச்சேரும்.

அப்படியானால் பகைமூட்டும் பேச்சுக்கு மருந்தே இல்லையா? உண்டு. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது: ஒரு கருத்தை விவாதிப்பது ஒன்று, அதற்காக வாதாடுவது மற்றொன்று, தீங்குக்குத் தூண்டுவது மூன்றாவது. மூன்றாம் படியில் கால் வைத்தவரைத் தடுக்கச் சட்டம் உண்டு. முந்திய இரண்டும் எவ்வளவு கசப்பாயினும் உரிமைக்குள் அடங்கும். வெறுப்புப் பேச்சின்மீது புகார் வரும்வரை காத்திராமல் தாமே வழக்குப் பதியவேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மற்றொரு பக்கம், 1989இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படத்தின் வழக்கில், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சை அடக்குவது அரசின் கடமையன்று, பேசுபவரைக் காப்பதே கடமை என்றும் அது கூறியிருக்கிறது. ஒருவேளை அப்படத்தின் கருத்தை நீதிபதிகளே விரும்பியிராமலிருக்கலாம். உரிமை அவர்கள் விருப்பத்தைக் கேட்டு நிற்கவில்லை.

ஆகவே நாம் புகார் செய்யவேண்டிய இடத்தில், நாள், இடம், பேசிய சொற்கள் ஆகிய சான்றுகளோடு புகார் செய்வோம். விடை சொல்லவேண்டிய இடத்தில் விடை சொல்வோம். இரண்டையும் குழப்பிக்கொள்வோமாயின், உண்மையிலேயே கொலைக்குத் தூண்டும் பேச்சு வரும்போது நம் புகாருக்குச் செவி கிடைக்காது.

2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் நிகழ்ந்ததை நாடே அறியும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 14ஆம் நாள் கூடியோர்மீது தடியடி நடந்தது. அதன்பின் அங்கே தாய்மார்கள் அமர்ந்தார்கள். நோய்த்தொற்று பரவிய மார்ச் மாதம்வரை அமர்ந்தார்கள். முன்னெப்போதும் மேடையேறாத நம் பெண்கள் ஒலிபெருக்கியைக் கையிலேந்தி, அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையைப் பற்றிப் பேசினார்கள். அது போக்குவரத்துக்கு இடையூறு, அமைதிக்குப் பங்கம், கலைக்கவேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நாம் என்ன சொன்னோம்? எங்கள் கருத்து உங்களுக்குப் பிடிக்காமலிருக்கலாம், ஆனால் அமைதியாகக் கூடிப் பேச எங்களுக்கு உரிமையுண்டு என்றோம். அந்த விடை நம் வாயில் வலிமை பெறவேண்டுமானால், அதனை மற்றவர்க்கும் நாம் வழங்கியிருக்கவேண்டும். அங்கே நம் பெண்களுக்கு ஆதரவாக வந்து பேசியவர்களில் கடவுள் மறுப்பாளரும் உண்டு, பொதுவுடைமையாளரும் உண்டு. அவர்கள் நம் ஈமானைப் பகிர்ந்துகொள்ள வரவில்லை. நம் உரிமையைப் பகிர்ந்துகொள்ள வந்தார்கள்.

மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வதோடு முடிவதன்று. இரண்டு தேர்தல்களுக்கு இடையே, நமக்குப் பிடிக்காத சொல்லைக் கேட்டுக்கொண்டு, அதற்கு விடை தேடும் பொறுமையிலேதான் அது வாழ்கிறது. நம் முன்னோர் இப்பொறுமையை அறியாதவரல்லர். பொறுப்பேற்ற முதல் நாளிலேயே, தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டவர்கள் அபூபக்கர் (ரலி) அவர்கள். திருத்துவதற்கு நா வேண்டும். நாவுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

ஆதலின் நம் குடும்பங்களில் இதனைப் பழக்குவோம். பிள்ளை எதிர்த்துக் கேட்டால் அதட்டி அடக்காமல், காரணம் சொல்லிப் பழகுவோம். ஜமாஅத்துக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவர் கணக்குக் கேட்டால், அவருக்கும் செவி கொடுப்போம். நம்மைப் பற்றித் தவறாக எழுதுபவருக்கு நன்றாக எழுதி விடையளிக்கும் இளைஞர்களை உருவாக்குவோம். அதற்கு நூலகம் அமைப்போம், பேச்சுப் பயிற்சி அளிப்போம். தடை கேட்டு ஓடும் கால்களைவிட, விடை தேடி அமரும் உள்ளங்களே ஒரு சமுதாயத்துக்கு அரண்.

மாற்றாருடைய நாவைக் காக்கும் வலிமையையும், நம் நாவை வாய்மையில் நிலைநிறுத்தும் பேற்றையும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!